மின்மினி பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல மழை பெய்து, மண்ணின் ஈரம் காயாமல், காற்று அசையாமல் புழுக்கமாக இருக்கும் மாலைதான் மின்மினிக்கு ஏற்ற மாலை. புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் கோயில் காடுகள், ஏரிக்கரைகள், வாய்க்கால் ஓரங்கள் என்று அதைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் பார்க்கப் போன பூச்சிக்கு நாமே எமனாகிவிடக் கூடாது. ஈரமும் இரையும் எவ்வளவு தேவையோ, அதே அளவுக்கு மின்மினிக்கு இருட்டும் தேவை. இதை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

பெரிய தவறு, டார்ச் அடிப்பது. பறந்துகொண்டே மின்னுவது பெரும்பாலும் ஆண். புல்லிலோ புதரிலோ உட்கார்ந்திருக்கும் பெண் அதைப் பார்த்துவிட்டுப் பதிலுக்கு மின்னும். எவ்வளவு நேரம் எரிகிறது, எவ்வளவு நேரம் அணைந்திருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். தன் இனம் எது என்று அந்தக் கணக்கை வைத்துத்தான் அவை கண்டுகொள்கின்றன. நடுவில் ஒரு செல்போன் வெளிச்சம் பாய்ந்தால் ஆண் மின்னுவதைக் குறைத்துவிடும், பெண் பதில் சொல்லாமல் இருந்துவிடும். வளர்ந்த மின்மினிக்கு ஆயுளே சில வாரங்கள்தான். பல இனங்கள் அந்த நாட்களில் ஒன்றும் சாப்பிடுவதுகூட இல்லை. துணை தேடுவது மட்டுமே அதற்கு வேலை. அப்படிப்பட்ட ஒரு மாலையை நாம் பறித்துக்கொள்கிறோம்.

அதற்காக டார்ச்சே இல்லாமல் போவதும் தவறு. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கட்டுவிரியனும் சுருட்டைவிரியனும் இரவில் திரிபவை, நம் பக்கத்தில் இரண்டும் உண்டு. ஸ்டேஷனரி கடையில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் வாங்கி, இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, டார்ச் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் மின்மினியின் கண்ணுக்கு அவ்வளவாக எட்டாது. நடக்கும்போது காலடியைப் பார்த்து மட்டும் அடியுங்கள், நின்றதும் அணைத்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். மீறிப் பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நேரமும் முக்கியம். நம் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை வாட்ஸப் பார்த்தால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய் இடத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவது நல்லது. பௌர்ணமியை விட அமாவாசையை ஒட்டிய நாட்களில் நன்றாகத் தெரியும். இரவு பத்து மணிக்குப் போய்விட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்புகிறவர்கள் பலர். நிறைய இனங்கள் பொழுது சாய்ந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ஆட்டத்தை முடித்துக்கொள்கின்றன.

அடுத்தது பாட்டில். மின்மினியைப் பிடித்து பாட்டிலில் போட்டு மூடுவது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் விளையாட்டு. அதைச் செய்த பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு வயலெல்லாம் மின்மினி இருந்தது. இன்றைக்கு ஒரு தோப்பில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், அதில் பத்தைப் பிடிப்பது அந்த இடத்துக்கு உண்மையான நஷ்டம். மூடிய பாட்டிலில் சீக்கிரம் செத்தும்விடும். காலையில் ‘அண்ணா, இது தூங்குதா?’ என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

பிடிக்காமலே பார்க்கலாம். இலையின் அடியில் உட்கார்ந்த மின்மினி ஒன்று கிடைத்தால், குனிந்து சிவப்பு வெளிச்சத்தில் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். நம் பக்கத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் வகைகளில் வயிற்றின் நுனிப் பக்கம் வெண்மையாக இருக்கும். விளக்கு அதுதான். இரண்டு கட்டங்கள் வெளுத்திருந்தால் ஆண், ஒரு கட்டம் மட்டும் என்றால் பெண். தலை பெரும்பாலும் மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஒரு கேடயம் போன்ற மூடிக்குள் ஒளிந்திருக்கும். பொதுவாகப் பூச்சி என்கிறோம், பூச்சிகளுக்குள் இது வண்டு வகை. உலகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் இருக்கின்றன.

இனி சொல்லப்போவதைப் பலர் தவறு என்றே நினைப்பதில்லை. சருகைக் கூட்டிக் கொளுத்துவதைச் சொல்கிறேன். மின்மினியின் வாழ்நாளில் பறக்கும் பருவம் கடைசித் துண்டு மட்டுமே. அதற்கு முன்னால் மாதக்கணக்கில், சில இனங்களில் ஓர் ஆண்டுக்கும் மேல், அது புழுவாகத் தரையில் கிடக்கிறது. கறுப்பாக, தட்டையாக, கட்டம் கட்டமாக, வால் பக்கம் இரண்டு சின்ன ஒளிப் பொட்டுகளோடு சருகுக்குள் ஊரும். நத்தையின் வழவழப்பான தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், கடித்து நஞ்சை ஏற்றி மயக்கி, சதையைக் கரைத்து உறிஞ்சிவிடும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய நத்தையைக்கூட விடாது. இலங்கையில் இருக்கும் பெரிய இனம் ஒன்றின் புழு, தோட்டங்களை அழிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையையே தின்னும். அந்த இனத்தின் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது, கடைசி வரை தரையில்தான். இப்போது யோசித்துப் பாருங்கள். சவுக்குத் தோப்பிலும் முந்திரித் தோப்பிலும் சருகை வாரிக் கொளுத்தினால் அடுத்த பருவத்து மின்மினி மொத்தமும் அந்த நெருப்பில் போய்விடும். வயலில் தூவும் குருணை மருந்தும், தோட்டத்தில் வைக்கும் நத்தை மருந்தும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் நடந்தாலும் காலடியில் நசுங்குவது இந்தப் புழுக்களும், உட்கார்ந்திருக்கும் பெண்களும்தான்.

பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. மின்மினியின் உடம்பில் பாஸ்பரஸ் இருப்பதால் எரிகிறது என்று இன்றும் வகுப்புகளில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியால் ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி வருகிறது. லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்று பெயர் வைத்தது பிரான்சின் ரஃபேல் துபுவா, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி இல்லாமல் இது நடக்காது என்று 1947-இல் காட்டியவர் அமெரிக்காவின் வில்லியம் மெக்எல்ராய். ஆராய்ச்சிக்கு வேண்டிய மின்மினிகளை பால்டிமோர் நகரத்துப் பிள்ளைகளிடம் காசு கொடுத்து, நூறுக்கு இருபத்தைந்து சென்ட் என்று வாங்கினார். ‘நூற்றுக்கு நூறு ஒளி, வீணே கிடையாது’ என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. சூடு அநேகமாக இல்லை என்பது சரி. ஆனால் 2008-இல் ஜப்பானில் கவனமாக அளந்தபோது, நூறு லூசிஃபெரின் மூலக்கூறு மாறினால் ஏறக்குறைய 41 ஒளித்துகள்தான் வருகிறது என்று தெரிந்தது. அதுவே பெரிய விஷயம்தான்.

தூக்கணாங்குருவி மின்மினியைப் பிடித்துக் களிமண்ணில் ஒட்டிக் கூட்டுக்குள் விளக்கு வைக்கும் என்பது பனைமரம் இருக்கும் ஊரில் எல்லோரும் கேட்ட கதை. கூட்டின் உள்ளே களிமண் இருப்பது உண்மை. காற்றில் கூடு ஆடாமல் இருக்கப் பாரமாக வைக்கிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். விளக்கு என்பது கதை மட்டும். கதையாகச் சொல்லுங்கள், அறிவியல் பாடமாக வேண்டாம்.

இணையத்தில் படித்ததை நம் ஊர் மின்மினிக்கு ஏற்றுவதும் இப்படித்தான். வேறு இனத்துப் பெண்ணைப் போல மின்னி, ஏமாந்து வரும் ஆணைப் பிடித்துத் தின்னும் மின்மினி அமெரிக்காவில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நம் தோப்பில் தேட வேண்டாம். நெஞ்சில் இரண்டு விளக்கோடு பறக்கும் வண்டும் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களுடையது. குகைக் கூரையில் நூல் தொங்கவிட்டு நீலமாக மின்னும் புழு நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும்தான், அது வண்டினமே இல்லை, ஈ வகையின் புழு. 2022 ஏப்ரலில் நம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் ஏராளமான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னிய காட்சி பெரிதாகப் பேசப்பட்டது. காட்டில் நடந்த அந்தக் காட்சியைப் போய் புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மலேசியாவின் குவாலா சிலாங்கூரில் சதுப்பு மரங்களில் மின்மினி மின்னுவதைப் படகில் போய்ப் பார்த்த சொந்தக்காரர்கள், பிச்சாவரத்திலும் இரவுப் படகு கேட்கலாம் என்கிறார்கள். அங்கே படகு பகலில்தான். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கும் அந்த இடத்தில் ராத்திரி நுழையக் குறுக்கு வழி தேடாதீர்கள்.

சரி, இருட்டில் பளபளப்பதெல்லாம் தானே ஒளிர்கிறதா? இல்லை. நெற்றி டார்ச் போட்டுக்கொண்டு நடந்தால் புல்லுக்குள் பச்சையும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அவை ஓநாய்ச் சிலந்தியின் கண்கள், நம் வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகின்றன. தேளுக்குப் புற ஊதா டார்ச் அடித்தால் நீலப் பச்சையாக ஒளிரும், அதுவும் வாங்கிக் கொடுக்கும் ஒளிதான். டார்ச்சை அணைத்த பிறகும் வெளிச்சம் இருந்தால் மட்டுமே அது சொந்த ஒளி. மழைக்காலத்தில் தரையில் பச்சை ஒளிக் கோடு இழுத்துக்கொண்டு மெல்லிய நூல் போன்ற ஒன்று ஊர்ந்தால் பயப்பட வேண்டாம். வெப்பநாடுகளில் பரவலாக இருக்கும் ஒளிரும் பூரான் வகை அது. சீண்டினால் ஒளிரும் பசையைக் கசியவிடும். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள்.

ஒளிரும் காளானுக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டும், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மட்கிய மரத்தில் தேட வேண்டும். அதைப் பார்க்கப் போகிறவர்கள் படத்தை நம்பி ஏமாறுகிறார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் கேமராவைத் திறந்து வைத்து எடுத்த படத்தில் பளீரென்ற பச்சை இருக்கும். மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது, அதனால் நேரில் வெளிறிய சாம்பல் வெள்ளையாகத்தான் தெரியும். நேராக முறைக்காமல் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்தால் நன்றாகத் தெரியும். மின்மினிப் படங்களும் அப்படியே, நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. ஃப்ளாஷ் போட்டால் ஒளி படத்திலும் வராது. ஒளிரும் கட்டையைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் காய்ந்து அணைந்துவிடும்.

காடு இல்லை என்றாலும் கடலையும் சொல்லியாக வேண்டும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்த பிறகு, தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் அதை எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகும்போது வருவது அது. தண்ணீர் கலங்கினால்தான் ஒளிரும், அந்த வேலையை அலையே செய்துவிடும். இருட்டில் கடலில் இறங்க ஒரு அவசியமும் இல்லை. அளவுக்கு மீறிப் பெருகினால் அம்மோனியா கூடி, ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். அப்படிக் கரை ஒதுங்கிய மீனை எடுத்துச் சமைக்காதீர்கள்.

அப்புறம் வீட்டு விளக்கு. தோட்டத்தைப் பார்த்து விடிய விடிய எரியும் வெள்ளை எல்இடி ஒன்று போதும், அந்தப் பக்கத்து மின்மினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்காமல் போக. கேட் விளக்குக்கு ஆள் வந்தால் எரியும் சென்சார் போடுங்கள், மேலே தகடு வைத்து வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். மஞ்சள் விளக்கு மாட்டினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். மற்ற பூச்சிகளுக்கு அது கொஞ்சம் தேவலாம். மின்மினியின் ஒளியே மஞ்சள் கலந்த பச்சை என்பதால், அதற்கு மஞ்சள் விளக்கும் இடைஞ்சல்தான். மழைக்கால மாலைகளில் ஏழிலிருந்து ஒன்பது வரையாவது தோட்டத்துப் பக்கம் விளக்கை அணைத்து வைக்க முடிந்தால், வேறு எதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.