சப்பாத்திக்கள்ளிப் பழ சர்பத்: சுணை ஏறாமல் செய்யும் முறை

கடலூர் கேப்பர் மலை வேலியோரத்திலும் பரங்கிப்பேட்டைப் பக்கத்து மணல்மேடுகளிலும் சப்பாத்திக்கள்ளிக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் பூ வாடி, பழம் கருஞ்சிவப்பாகப் பழுத்து, யாரும் தொடாமலே உதிர்ந்து போவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. சர்பத் போட்டு ஒரு தடவை குடித்துப் பாருங்கள், அப்புறம் நீங்களே தேடிப் போவீர்கள்.

பச்சை துளியும் இல்லாத பழமாகப் பாருங்கள். நீள இடுக்கியால் பிடித்து லேசாகத் திருகினால் கழன்று வந்துவிடும். துணிக் கையுறை வேண்டவே வேண்டாம். சுணை துணியில் ஏறிக்கொண்டு அடுத்த தடவை போடும்போது குத்தும். மடலில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருந்தால் அது பூச்சி, அந்தச் செடியை விட்டுவிடுங்கள். நசுக்கினால் சிவப்புச் சாயம் வரும். அந்தச் சாயத்துக்கு ஆசைப்பட்டு 1795-இல் இந்த இனப் பூச்சி ஒன்றை பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சாயம் தேறவில்லை, கள்ளியைத்தான் தின்று தீர்த்தது.

இனி முக்கியமான வேலை. பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிவிடலாம். பழத்தின் மேல் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றிலும் மயிரிழைச் சுணை ஏராளம். அதில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. உள்ளே போனால் லேசில் வராது.

கேஸ் அடுப்பைப் பெரிதாக வைத்து, பழத்தை இடுக்கியில் பிடித்துச் சுற்றிச் சுற்றி வாட்டுங்கள். சுணை சடசடவென்று கருகும். பக்கங்கள் சுலபம். பூ இருந்த தலைக்குழியில்தான் சுணை ஒளிந்திருக்கும், சாதாரணமாகக் காட்டினால் தீ அங்கே எட்டாது. பழத்தைத் தலைகீழாகப் பிடித்து அந்தக் குழியை மட்டும் தனியாகக் கருக்குங்கள். பிறகு அந்த முனையை விரல் கனத்துக்கு வெட்டி எறியுங்கள். வாட்டிய பிறகுதான் கழுவ வேண்டும். முதலில் கழுவினால் சுணை தண்ணீரில் மிதந்து நேரே கைக்கு வரும்.

பழத்தைப் பிளந்து கரண்டியால் சதையை வழித்தெடுங்கள். நடுவில் உள்ள தொண்டை முள்ளை எடுத்துவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்பார்கள். நாம் வடிகட்டப் போவதால் அந்தக் கவலை இல்லை. மிக்ஸியில் போடாதீர்கள். விதை ரொம்பக் கெட்டி, உடைந்தால் சாறு நறநறக்கும். மத்தால் மசித்து, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடியவிடுங்கள். டீ வடிகட்டி சுணையை நிறுத்தாது.

ஒரு தம்ளர் சாறுக்கு இரண்டு தம்ளர் பானைத் தண்ணீர், அரை எலுமிச்சை, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. காய்ச்ச வேண்டாம், நிறம் மங்கிவிடும்.

பின்னூட்டங்களைப் பார்த்துச் சேர்த்தது: கையில் சுணை ஏறினால் வாயால் கடித்து இழுக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் பிளக்கரால் எடுங்கள். மிச்சத்துக்கு ஃபெவிகால் பூசி, நன்றாகக் காய்ந்ததும் உரியுங்கள். மறுநாள் சிறுநீர் சிவந்ததென்று ஒருவர் பதறியிருந்தார். பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்கு ஆவது போலத்தான், அதே வகை நிறமி. ஓரிரு நாளில் மாறாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சர்பத் ஆகாமல் பழமாகவே தின்பவர்கள் விதையை நிறைய விழுங்க வேண்டாம், மலச்சிக்கல் வரும். குழந்தைகளுக்குச் சாறு மட்டும் போதும்.