மங்கு, லேசர், பனையோலைத் தொப்பி

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் கன்னங்களில் மங்கு என்னும் கருந்திட்டு படர்ந்தது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் பிழைப்பு கருவாடு. காலை முதல் மணலில் மீன் காயவைத்துப் புரட்டுகிற வேலை. வெயில் தலைக்கு மேலிருந்து மட்டுமா அடிக்கிறது? மணலிலிருந்தும் கடலிலிருந்தும் எகிறி முகத்தில் அறையும்.

அவசரப்பட்டு ஓர் அழகு நிலையத்தில் லேசர் வைத்துக்கொண்டேன். ரப்பர் வளையத்தைச் சுண்டியதுபோல் சுள்ளென்றது. மூன்றாவது முறைக்குப் பின் முகம் தெளிந்தது. ஒரே மாதத்தில் அதே இடம் முன்னைவிடக் கருத்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு அழுதேன்.

மதுரையில் தோல் மருத்துவர்தான் புரியவைத்தார். கண்ணைச் சுற்றிப் பிறவியிலேயே இருக்கும் நீலச்சாம்பல் மச்சத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் நன்றாகக் கேட்குமாம். மங்கு அப்படியல்ல. நம் மாநிறத் தோலில் சூடு பட்டால் நிறமிச் செல்கள் சீண்டப்பட்டு இன்னும் கருக்கும். எந்தக் கறை என்று தெரியாமல் லேசருக்கு முகத்தைக் கொடுக்காதீர்கள்.

இரவுக்கு ஒரு களிம்பு தந்தார், அதுவும் சில வாரங்களுக்குத்தான். பகலில் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்குத் திட்டைக் கருக்கவைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரண்டு விரல் நீளம் பிழிந்து, இரண்டு மணிக்கொருமுறை பூசினேன். வியர்வையை முந்தானையால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். அகல விளிம்புள்ள பனையோலைத் தொப்பியை மாமியார் முடைந்து தந்தார்.

எட்டு மாதமாயிற்று. இடது கன்னத்தில் மட்டும் தேநீர்க்கறைபோல் லேசான நிழல் இருக்கிறது. கண்ணாடி மறுபடி சுவரைவிட்டு என் பக்கம் திரும்பியிருக்கிறது.