முள் குத்தினால் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் காரைக்குடிப் பக்கம் சீமைக்கருவேல முள்ளுக்குச் செருப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. போன மாதம் அப்பத்தாவின் குதிகாலில் ஒன்று ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். மறுநாள் காலை அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. "விசம் ஏறிருச்சுப்பா" என்று பயந்துபோனார்.

அதை விசம் என்று நினைப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. சிவப்பும் வீக்கமும் கிருமி செய்கிற வேலை இல்லை, உடம்பு செய்கிற வேலை. தோலுக்கடியில் மாக்ரோஃபேஜ் என்ற செல்கள் எப்போதும் காவல் இருக்கின்றன. அவற்றின் மேல் டோல் ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு. பாக்டீரியாவின் சுவரிலும் வாலிலும் இருக்கிற, நம் உடம்பில் இல்லாத சில பொருள்களை அவை தொட்டே அடையாளம் காணும். முன்பின் பார்த்திராத கிருமியும் இதில் மாட்டும். உடனே சேதி பறக்கிறது. ரத்தக்குழாய் விரிகிறது, அதனால் சிவப்பும் சூடும். நீர் கசிகிறது, அதனால் வீக்கம். அந்தக் கசிவு வழியே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன.

இதை முதலில் காட்டிக்கொடுத்ததும் ஒரு முள்தான். 1882-இல் இத்தாலியின் மெசினாவில், மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியல் அறிஞர் நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டோல் ஏற்பிகளின் வேலையைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் வர 2011 ஆகிவிட்டது.

அடுத்த தவறு, சீழைப் பிதுக்குவது. சீழ் என்பது பெரும்பாலும் சண்டையில் செத்த நியூட்ரோஃபில்கள். அதைச் சுற்றி உடம்பே வேலி போட்டு வைத்திருக்கும். நகத்தால் அமுக்கினால் வேலி உடைந்து கிருமி ஆழத்துக்குப் போகும். மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியைத் தொடவே தொடாதீர்கள், அங்கிருந்து மூளைப் பக்கம் போகிற ரத்தக்குழாய்கள் இருக்கின்றன.

காயத்தில் மண், சாம்பல், சாணம் எதையும் அப்பக் கூடாது. மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமியின் விதைகள் இருக்கும். அதன் நஞ்சை வெள்ளணுக்களால் மட்டும் தடுக்க முடியாது, தடுப்பூசி வேண்டும். காயத்தைக் கழுவச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போதும். வீட்டில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாட்டிக்கை நாமாக எடுத்துப் போடுவதும் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. உடம்பு பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருப்பது. சர்க்கரை கூடினால் நியூட்ரோஃபில் மந்தமாகிவிடும், காலில் உணர்ச்சியும் குறையும், வலியே தெரியாது. சிவப்பு பரவினாலோ, காலில் செங்கோடு மேலேறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அப்பத்தாவுக்குச் சர்க்கரை உண்டு. சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது. வேண்டாம் என்றவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே கிடந்தது.