சக்கைச் சாம்பலைத் தகட்டிலேயே நிறுத்தும் முறை

கிருஷ்ணகிரிக்கு அருகே கரும்புச் சக்கை எரிக்கும் பாய்லர் ஒன்றில், புகையிலுள்ள தூசியை மின்சாரத்தால் பிடிக்கும் ஈ.எஸ்.பி. என்ற கருவியைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். சுற்றிலும் மாந்தோப்புகள். தை மாதத்தில் பூங்கொத்தின் மேல் கரிப்பொடி படிந்திருந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. ஷிப்டுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

உள்ளே தொங்கும் கம்பிகளுக்கு 40,000 வோல்ட் அளவில் எதிர்மின்னழுத்தம் தருகிறோம். கம்பியைச் சுற்றியுள்ள வாயு அயனியாகிறது. புகையோடு வரும் தூசி அதனால் மின்னூட்டம் பெற்று, எர்த் செய்த தகட்டில் போய் ஒட்டுகிறது. தகட்டைச் சுத்தியல் தட்டினால் சாம்பல் அடியிலுள்ள தொட்டியான ஹாப்பரில் விழுகிறது. அமெரிக்காவில் காட்ரெல் என்ற வேதியியலாளர் 1907இல் அமிலப் புகையைப் பிடித்ததும் இதே வழியில்தான்.

அடிக்கடி தட்டினால் தகடு சுத்தமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சக்கைச் சாம்பலுக்கு அது பொருந்தாது. அதில் எரியாத கரி அதிகம். கரித்துகள் தகட்டைத் தொட்டதுமே மின்னூட்டத்தை இழந்து, மறுபடி புகையோடு கிளம்பப் பார்க்கும். படலம் சேருமுன் தட்டினால் பொடியாகப் பறந்துவிடும்; சற்றுச் சேரவிட்டுத் தட்டினால்தான் பாளமாக விழும். இடைவெளியை மாற்றிய பிறகு ஒரு மணி நேரம் வெளியே நின்று புகைபோக்கியைப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கரும்புகை கிளம்பினால் இடைவெளியை இன்னும் கூட்டுங்கள். எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் தட்டவே கூடாது. கடைசி வரிசையை மிகக் குறைவாகத் தட்டுங்கள். அங்கிருந்து கிளம்பும் தூசியைப் பிடிக்க அதற்கப்பால் தகடு இல்லை.

வோல்ட் முள் விழுந்து, மின்னோட்டம் ஏறி நின்றால் முதலில் ஹாப்பரைப் பாருங்கள். ஒருமுறை கம்பி அறுந்துவிட்டது என்று எண்ணி இரண்டு மணி நேரத்தை இழந்தேன். பிறகு ஹாப்பர் சுவரைத் தட்டினால், மேல்விளிம்பு வரை 'மொத்' என்ற சத்தம். சாம்பல் நிரம்பிக் கம்பிச் சட்டத்தையே தொட்டிருந்தது. காலி ஹாப்பர் கணீரென்று ஒலிக்கும். இப்போது ஷிப்டுக்கு இருமுறை தட்டிப் பார்க்கிறேன். தேங்கிய சக்கைச் சாம்பல் உள்ளேயே கனன்று தீப்பிடிக்கவும் கூடும்.

பாய்லரை மூட்டும்போது தீ சீராகும் வரை மின்சாரம் கொடுக்காதீர்கள். எரியாத வாயுவுக்கு ஒரு பொறி போதும்.

பழுது பார்க்க உள்ளே இறங்கும் முன், மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிச் சாவியை உங்கள் பையில் வையுங்கள். நிறுத்திய பின்னும் கம்பிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வேறொருவர் மாட்டிவிட்டதாகச் சொன்னாலும், எர்த் கம்பியை உங்கள் கையாலேயே மாட்டிவிட்டுத்தான் கதவுக்குள் கால் வைக்க வேண்டும்.