டாப்ஸ்லிப்பில் நாங்கள் சறுக்கிய இடங்கள்

வெட்டிய தேக்கு மரங்களை மேலேயிருந்து சரிவில் சறுக்கிவிட்ட இடம் என்பதால் டாப்ஸ்லிப் என்று பெயர் வந்தது. நாங்களும் அங்கே போய்ச் சறுக்கியவர்கள்தான். கோவையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஹோம்ஸ்கூலிங் செய்யும் ஒன்பது குடும்பங்கள், 17 பிள்ளைகள், இரண்டு வேன்கள். ஒரு மாதம் காட்டைப் பற்றிப் படித்துவிட்டு, டாப்ஸ்லிப் இருக்கும் ஆனைமலைக்குக் கிளம்பினோம். முதல் பயணத்தில் கற்றது சொற்பம். இரண்டாம் முறைதான் உருப்படியாக அமைந்தது.

முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிட்டது. "புலி பார்க்கப் போறோம்" என்று யாரோ ஒருவர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். சரி, நான்தான். புலிகள் காப்பகம் என்று பலகையில் இருக்கிறதே தவிர, புலி நமக்காகக் காத்திருக்காது. தூரத்தில் மேய்ந்த காட்டுமாட்டுக் கூட்டம், தலைக்கு மேல் கிளைக்குக் கிளை தாவிய மலை அணில் எல்லாமே பிள்ளைகளுக்கு 'புலி இல்லை' என்ற கணக்கில்தான் சேர்ந்தன. திரும்பும்போது ஆறு வயதுக்காரி ஒருத்தி அழுதே விட்டாள். அடுத்த முறை, "யார் யார் வந்துபோன தடம் கிடைக்குதுன்னு பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னோம். ஒரே ஒரு யானை லத்தி முக்கால் மணி நேரத்தைத் தின்றது. குச்சியால் கிளறினால் செரிக்காத நார், விதைகள், உள்ளே குடைந்துகொண்டிருந்த சாணி வண்டு, ஓரத்தில் இரண்டு இலை விட்ட ஒரு நாற்று. அது என்ன மரத்தின் நாற்று என்று கடைசிவரை சண்டை.

நாள் பார்ப்பதிலும் கோட்டை விட்டோம். முதல் முறை போனது பிப்ரவரி கடைசி. கோடையில் காட்டுத்தீ அபாயம் என்பதால் நடைப்பாதைகளை மூடியிருந்தார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறக்காதவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். ஆனால் வண்டியில் உட்கார்ந்தபடி காட்டைப் படிக்க முடியாது. ஆகவே வேன் பேசுவதற்கு முன்னால் வனத்துறையிடம் விசாரியுங்கள். மழைக்காலம் என்றால் அட்டை இருக்கும். அது பெரிய விஷயமில்லை, பிள்ளைகளை விட அம்மாக்கள்தான் அலறுவார்கள்.

எனக்கு இன்றும் உறுத்துகிற தவறு வேறு. சேத்துமடை தாண்டி மேலே ஏறியதும் நெடுநெடுவென்று மரங்கள் தெரிந்தன. "பாருங்க, எவ்வளவு பெரிய காடு!" என்றேன். நான் காட்டியது மனிதர் கைபட்டு வளர்ந்த தேக்கு. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாயில் கப்பல் கட்டவும், பிறகு ரயில் பாதை போடவும் இந்த மலையின் தேக்கை வெட்டித் தள்ளினார்கள். அப்புறம் வந்த ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி, மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் செய்து, அதிலிருந்து மறுபடி துளிர்க்க வைத்தார். நம் ஊர்க் கரும்பில் மறுதாம்பு விடுகிற மாதிரிதான். 1933-ல் இறந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பிலேயே இருக்கிறது. என் நினைவுச்சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீன் வரி ஒன்றும் அதில் உண்டு. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே மரமாக நிற்பதைக் காடு என்று சொல்லிக்கொடுத்தால் பாடமே தப்பிப்போகும்.

இரண்டாம் முறை இதைச் சொல்லி விளக்காமல், ஒரு கயிற்றை எடுத்துப் போனோம். மீட்டருக்கு மீட்டர் சதுரமாகத் தரையில் போட்டு, உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ணச் சொன்னோம். தேக்கின் கீழே நான்கு. அதில் ஒன்று எங்கும் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடி. வழிகாட்டியோடு கரியன்சோலை என்ற இயற்கைக் காட்டின் ஓரம் நடந்து அதே கயிற்றைப் போட்டபோது, 19 வரை எண்ணிவிட்டுப் பிள்ளைகள் கைவிட்டார்கள். சோலைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு, காலடியில் சருகு ஈரமாக அமுங்கியது. "இங்க ஏன் குளிருது?" என்று ஒரு பையன் கேட்டான். பாடம் அங்கேதான் தொடங்கியது.

அந்த வழிகாட்டி இந்த மலையின் பழங்குடிகளான காடர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவரைப் பேசவிடாதது பெரியவர்களான எங்கள் குற்றம். அவர் ஒரு மரத்தைத் தொட்டு ஆரம்பிப்பதற்குள் எங்களில் ஒரு அப்பா செல்போனில் அதன் லத்தீன் பெயரை வாசித்துவிடுவார். "ஆமாங்க சார்" என்று அவரும் அடங்கிவிடுவார். ஒருவழியாகப் போன்களை வாங்கிப் பையில் போட்ட பிறகு, "கண்ண மூடிக்கிட்டு என்னென்ன சத்தம் கேக்குதுன்னு சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் மேலே ரயில் போகிற மாதிரி ஒரு இரைச்சல். இருவாச்சியின் சிறகுச் சத்தம். அதை எந்தச் செயலியும் எங்களுக்குச் சொல்லியிருக்காது.

திரும்பும் வழியில் ஒரு பையனின் பாக்கெட்டிலிருந்து முள்ளம்பன்றி முள் ஒன்று எட்டிப் பார்த்தது. "கண்ணு, எடுத்த இடத்துலயே வெச்சிரு" என்றார் அவர். 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது என்று நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தொட்டுப் பார்க்கிற வேலைகளை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வரப்பில் நிற்கும் தேக்கின் இளம் இலையைக் கசக்கினால் விரல் சிவக்கும். இதற்குக் காடு தேவையில்லை.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. ஐந்து வயதையும் பதினான்கு வயதையும் ஒரே வரிசையில் நடக்கவிட்டால் இரண்டு பக்கமும் எரிச்சல்தான், குழுவைப் பிரியுங்கள். சிப்ஸ் பாக்கெட் சத்தம் கேட்டாலே குரங்குகள் வந்துவிடும், எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதம் போதும். பளிச்சென்ற சிவப்புச் சட்டை வேண்டாம். வேனில் ஏறியதும் "என்ன கத்துக்கிட்ட?" என்று தாளை நீட்டாதீர்கள். பொள்ளாச்சி வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.