அலியா, டைசனா? காலம் தாண்டிய ஹெவிவெயிட் வாக்குவாதத்தை ஒழுங்காக நடத்துவது எப்படி

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலைப் பக்கம் நாலு பேர் உட்கார்ந்து, குத்துச்சண்டை ஹெவிவெயிட் சாம்பியன்களான முகமது அலி, மைக் டைசன் பேச்சை எடுத்து, "அலியும் டைசனும் மோதினா யாரு ஜெயிப்பா?" என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் குரல் ஏறும், பேச்சு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருவர் மனதில் இருப்பது 1966-இன் அலி. எதிரில் இருப்பவர் மனதிலோ 1980-இல் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கி, ஸ்டூலை விட்டு எழ முடியாமல் போன அலி. இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். கேள்வியை முதலில் ஒன்றாக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

தேவையானவை: ஒரு நோட்டு, பேனா, பழைய சண்டைகளைப் பார்க்க ஒரு மொபைல், மூன்று பேர். பக்கத்துக்கு ஒருவர், தீர்ப்புச் சொல்ல ஒருவர். வீடியோ பார்க்க முந்தைய நாள் ஒன்றரை மணி நேரம், பேச முக்கால் மணி நேரம் போதும்.

படி 1: பேரோடு தேதியையும் எழுதுங்கள்

"அலி" என்று மட்டும் எழுதினால் செல்லாது. "அலி, 1966 நவம்பர் 14" என்று எழுதுங்கள். ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த இரவு அது. அப்போது அலிக்கு வயது 24, கால்கள் உச்சத்தில் இருந்தன. அடுத்த வருடமே, ராணுவத்தில் சேர மறுத்ததால் தடை வந்தது. 1970 அக்டோபரில் திரும்பி வந்தவரிடம் அந்தக் கால்கள் இல்லை.

டைசனுக்கு 1988 ஜூன் 27. மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 91 விநாடியில் விழுந்த நாள். டைசனுக்கு 22 வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. கார்னரில் பயிற்சியாளர் கெவின் ரூனி இருந்தார். அந்த வருடக் கடைசிக்குள் ரூனி போய்விட்டார். தலையை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே உள்ளே நுழையும் டைசனைப் பிறகு அவ்வளவாகப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, நீ எந்த டைசனைச் சொல்ற?"
"எண்பத்தெட்டு டைசன்ண்ணே."
"அப்ப தொண்ணூறுல டோக்கியோல டக்ளஸ்கிட்ட விழுந்தத நானும் இழுக்க மாட்டேன். நீயும் ஹோம்ஸ் சண்டைய இழுக்கக் கூடாது."

இந்த ஒப்பந்தம் ஆனபிறகே அடுத்த படி. தேதி எழுதாமல் தொடங்கிய வாக்குவாதத்தை நடுவர் அங்கேயே நிறுத்திவிடலாம்.

படி 2: யாருடைய விதி?

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1982-இல் கொரிய வீரர் டுக் கூ கிம், அமெரிக்க வீரர் ரே மான்சினியுடனான சண்டைக்குப் பிறகு இறந்துபோனார். அதையடுத்துத்தான் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12-ஆகக் குறைந்தன. எல்லா அமைப்புகளும் மாறி முடிக்க 1988 வரை ஆனது. அலிக்குப் பழகியது 15. டைசனின் பட்டப் போட்டிகளில் மிக நீண்டதே 12-தான். அந்த மூன்று ரவுண்டில் முடிவே மாறலாம்.

கிளவுஸையும் எழுதுங்கள். இன்று ஹெவிவெயிட்டுக்கு 10 அவுன்ஸ், அலி காலத்தில் 8. 1920-களின் சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியைக் கொண்டுவந்தால் இன்னொன்றையும் தீர்மானிக்க வேண்டும். 1919-இல் அவரோடு மோதிய அப்போதைய சாம்பியன் ஜெஸ் வில்லார்ட் முதல் ரவுண்டிலேயே ஏழு முறை விழுந்தார். ஒவ்வொரு முறையும் டெம்ப்ஸி பக்கத்திலேயே நின்று, எழுந்த நொடியில் அடித்தார். இன்றைய ரெஃப்ரி அவரை நியூட்ரல் கார்னருக்கு (இரு வீரர்களுக்கும் சொந்தமில்லாத மூலை) அனுப்பிவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவார்.

கடைசியாக ஒன்று: பழைய வீரர் இருந்தபடியே வருகிறாரா, இன்றைய உணவும் பயிற்சியும் கிடைத்து வருகிறாரா? புதியவர்கள் முதலாவதையே எடுங்கள். இரண்டாவதை எடுத்தால் ஆளுக்கு ஆள் கற்பனைதான் ஓடும்.

படி 3: அளவுகள்

பவுண்டை 0.4536-ஆல் பெருக்கினால் கிலோ, அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் செ.மீ. நம் சண்டைக்கு:

அலி: உயரம் 191 செ.மீ., ரீச் 198 செ.மீ., எடை 96.5 கிலோ
டைசன்: உயரம் 178 செ.மீ., ரீச் 180 செ.மீ., எடை 99 கிலோ

குட்டையாக இருந்தாலும் டைசனுக்குத்தான் எடை கூடுதல். ரீச் என்பது இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளப்பது. மார்பின் அகலமும் அதில் சேர்ந்துவிடும். எனவே 18 செ.மீ. வித்தியாசம் என்றால் ஒரு கைக்குச் சுமார் 9 செ.மீ.தான். முழு 18-ஐயும் ஜாபுக்கு (முன்கையை நேராக நீட்டி விடும் குத்து) கொடுத்துப் பேசுபவரை உடனே திருத்துங்கள்.

எடையை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். 1952-இல் பட்டம் வென்ற அன்று ராக்கி மார்சியானோ 83.5 கிலோ. இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டுக்குக் கீழான குரூசர்வெயிட், அதன் உச்சவரம்பு 90.7 கிலோ. நம் காலத்து ஹெவிவெயிட் டைசன் ஃப்யூரியோ (மைக் டைசன் வேறு) 119 கிலோ. அதற்காகப் பேச்சு முடிந்துவிடாது. 2024 மே மாதம் ரியாத்தில் உக்ரைன் வீரர் உசிக் தன்னைவிட ஏறத்தாழ 17 கிலோ கூடிய அதே ஃப்யூரியை வென்றார். ஆனால் 17 வேறு, மார்சியானோவுக்கும் ஃப்யூரிக்கும் இடையிலான 35 வேறு. அந்த இடைவெளிக்கு டெம்ப்ஸி–வில்லார்டை உதாரணம் காட்டுவார்கள். அங்கே வித்தியாசம் 26 கிலோ, அதோடு வில்லார்டுக்கு வயது 37, மூன்று வருடமாகப் பட்டத்தைக் காக்க ரிங்கில் இறங்கவில்லை.

படி 4: மோசமான இரவைப் பாருங்கள்

நாக்அவுட் தொகுப்பு வீடியோவில் எல்லோருமே வெல்ல முடியாதவர்கள். ஒரு வீரரைப் புரிந்துகொள்ள அவர் திணறிய சண்டையை முழுசாகப் பாருங்கள். படி 1-இன் ஒப்பந்தத்துக்கு இது முரண் அல்ல. வேறு தேதியின் முடிவைத்தான் இழுக்கக் கூடாது, பழக்கத்தை எடுத்துக் காட்டலாம்.

அலியை 1962-இல் சன்னி பேங்க்ஸ், 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் ஜோ ஃப்ரேஸியர் கீழே தள்ளினார்கள். மூன்றுமே லெஃப்ட் ஹூக், அதாவது இடது கையை வளைத்து விடும் குத்து. காரணம் பழக்கம். அடி வரும்போது அலி குனிய மாட்டார், கையைத் தூக்கி மறைக்கவும் மாட்டார். தலையை நேராகப் பின்னுக்கு இழுப்பார். நேராக வரும் ஜாப் காற்றில் போகும். பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக்குக்கு, வலது கை இடுப்புப் பக்கம் தொங்கும்போது, தாடை திறந்தே கிடக்கும். இதை ஸ்லோ மோஷனில் ஒருமுறை பாருங்கள், டைசன் பக்கம் பேசுபவருக்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

டைசனுக்கு 1987-இன் இரண்டு சண்டைகள். போன்க்ரஷர் ஸ்மித் கட்டிப் பிடித்துக்கொண்டே 12 ரவுண்டு ஓட்டினார். டோனி டக்கரும் 12 ரவுண்டு நின்றார். இருவரும் உயரமானவர்கள். இருவரும் தோற்றார்கள், ஆனால் உள்ளே நுழைந்த டைசனின் கைகளைப் பூட்டினால் அவர் ரெஃப்ரி பிரிக்கும் வரை காத்திருப்பார் என்பது அங்கே தெரிந்துவிட்டது. பின்னங்கழுத்தைப் பிடித்து அமுக்குவதில் அலி கைதேர்ந்தவர். 1974 ஜனவரியில் ஃப்ரேஸியருடனான இரண்டாவது சண்டை முழுக்க அதுதான். ஆகவே படி 2-க்குத் திரும்பிப் போய், பிடித்தால் புள்ளி குறைக்கும் ரெஃப்ரியா, விட்டுவிடும் ரெஃப்ரியா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: ரவுண்டுகளைப் பிரித்துப் பேசுங்கள்

1 முதல் 4, 5 முதல் 9, 10 முதல் 15. ஒவ்வொரு பகுதிக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம். "அடிச்சுத் தூக்கிடுவான்" என்பது வாதமாகாது. எந்த அடி, எந்தத் தவறுக்குப் பதிலாக, இதற்குமுன் எப்போது அப்படி நடந்தது என்று மூன்றையும் சொன்னால் நடுவர் ஏற்கலாம். ரவுண்டை வென்றவருக்கு 10 புள்ளி; யாரும் கீழே விழாத (நாக்டவுன் இல்லாத) ரவுண்டுக்கு 10-9, ஒரு நாக்டவுனுக்கு 10-8.

முதல் நான்கில் டைசனுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஐந்துக்குமேல் அலியின் ஜாபும் பிடியும் வேலை செய்யத் தொடங்கும். பத்தைத் தாண்டினால் டைசன் ஜெயிப்பதற்கு ஆதாரம் காட்டுவது கடினம்.

படி 6: தீர்ப்பு

"யார் ஜெயிப்பார்" என்று கேட்காமல், "பத்து முறை மோதினால் எத்தனை முறை" என்று நடுவர் சொல்லட்டும். எங்கள் கணக்கு: 15 ரவுண்டு, விட்டுவிடும் ரெஃப்ரி என்றால் அலிக்கு ஏழு. 12 ரவுண்டு, கறாரான ரெஃப்ரி என்றால் ஐந்தரைக்குமேல் கொடுக்க மாட்டோம்.

எங்கே கெட்டுப்போகும்?

சங்கிலிக் கணக்கில்தான் அதிகம். "இவன் அவனை அடிச்சான், அவன் இன்னொருத்தனை அடிச்சான், அப்ப இவன்தான் பெரியவன்" என்பது. 1973-இல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். 1974 மார்ச்சில் அப்போதைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மன் அந்த நார்ட்டனை இரண்டே ரவுண்டில் முடித்தார். அதே வருடம் அக்டோபரில் கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். சங்கிலி வட்டமாகிவிட்டது. ஒருவரின் பாணி இன்னொருவரின் பாணியோடு எப்படிப் பொருந்துகிறது என்பதே முடிவு செய்யும்.

அடுத்தது, கிழவனை அடித்த வெற்றி. 1951-இல் மார்சியானோ ஜோ லூயிஸை வென்றபோது லூயிஸுக்கு 37. லெனாக்ஸ் லூயிஸ் டைசனை வென்றது 2002-இல், டைசனின் நல்ல காலம் முடிந்து பத்து வருடத்துக்கும் மேல் ஆனபிறகு. இவை நடந்த சண்டைகள்தான், உச்சத்தில் மோதினால் என்ற கேள்விக்கு மட்டும் சாட்சியாகாது. 49-0 போன்ற தோல்வியில்லாக் கணக்கைக் காட்டினால், எதிரே நின்றவர்களின் பெயரையும் வயதையும் கேளுங்கள்.

அடுத்த முறைக்கு ஜோ லூயிஸையும் மார்சியானோவையும் எடுத்துக்கொள்ளலாம். லூயிஸுக்கு 1938 ஜூன் 22, ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்த நாள். மார்சியானோவுக்கு 1952 செப்டம்பர் 23, புள்ளிகளில் பின்தங்கியிருந்து அப்போதைய சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டை 13-ஆவது ரவுண்டில் சாய்த்த நாள். லூயிஸின் மோசமான இரவாக 1936 ஷ்மெலிங் சண்டையைப் பாருங்கள்: ஜாப் போட்டபின் இடது கை தாழ்ந்து திரும்புவதை ஷ்மெலிங் முன்பே கண்டுபிடித்து, அந்த இடைவெளியில் வலது கையை விட்டுக்கொண்டே இருந்தார். மார்சியானோவின் பெரிய அடியும் வலதுதான். அவர் பக்கம் பேசுபவர் அங்கிருந்து தொடங்கலாம்.