டாக்டரை நம்புவதும் சாமியை நம்புவதும் ஒன்றுதானா? மாமாவுக்குப் பதில் சொல்லும் வழி

"நீ மட்டும் என்ன, எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்தா நம்புறே? விஞ்ஞானி சொன்னாருன்னு நீ நம்புறே, சாமியார் சொன்னாருன்னு நான் நம்புறேன், அவ்வளவுதான்" என்று விசேஷ வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கும் நேரத்தில் ஒரு மாமா கேட்பார். என்னிடம் கேட்டார். அன்றைக்கு உளறினேன். இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்.

முதலில் பாதியை ஒப்புக்கொண்டுவிடுங்கள். நான் தினமும் பிரஷர் மாத்திரை போடுகிறேன், அதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரைகூடப் படித்ததில்லை, படித்தாலும் புரியாது. நம்பித்தான் போடுகிறேன். இதை மறுத்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் 'நம்பிக்கை' என்ற சொல்லைப் பிரியுங்கள், பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது. கடவுள் நம்பிக்கையும் நம்பிக்கை, மளிகைக்கடை அண்ணாச்சி எடை குறைக்க மாட்டார் என்பதும் நம்பிக்கை. அண்ணாச்சி மேல் சந்தேகம் வந்தால் தராசில் வைத்துப் பார்ப்போம், இரண்டு தடவை குறைந்தால் கடையை மாற்றுவோம். பக்தர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை, வேண்டுதல் பலிக்காவிட்டாலும் அடுத்த வருஷம் காவடி எடுப்பார் (குறையாகச் சொல்லவில்லை, பக்தி என்றாலே அதுதானே). விஞ்ஞானியை நம்புவது அண்ணாச்சி வகை. ஆனால் தராசு நம் வீட்டில் இல்லை.

சரி, யாரிடம் இருக்கிறது? மாமாவின் தோளைக் காட்டச் சொல்லுங்கள். பிசிஜி ஊசித் தழும்பு அனேகமாக இருக்கும். காசநோய்க்கான அந்த ஊசி பிரிட்டனில் நடந்த சோதனையில் பிரமாதமாக வேலை செய்தது, அமெரிக்காவில் நடந்ததில் அவ்வளவாக இல்லை. சண்டையைத் தீர்க்க 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சோதனை தொடங்கியது. ஏறக்குறைய 2,60,000 பேர், சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் ஊசி, யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. நடத்தியது ஊசிக்கு எதிரிகள் அல்ல, உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும்தான். 1979இல் முடிவு வந்தபோது பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று அவர்களே எழுதிப் போட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயை அது தடுக்கிறது என்பதற்கு வேறு சான்று இருப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். தன் சரக்கைத் தானே எடை போட்டு, குறைந்ததை ஊரறியச் சொன்ன இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, எந்தச் சாமியார் இப்படிச் செய்தார் என்று மாமாவிடம் மெதுவாகக் கேளுங்கள்.

அடுத்தது உங்களுக்கே ஒரு எச்சரிக்கை. ஆளைப் பார்த்து நம்பினால் மாமா சொன்னது உண்மையாகிவிடும். லைனஸ் பாலிங் வேதியியலுக்கும் அமைதிக்குமாக இரண்டு நோபல் வாங்கியவர். வைட்டமின் சி நிறையச் சாப்பிட்டால் சளி அண்டாது என்று 1970இல் சொன்னார், உலகமே மாத்திரை வாங்கியது. மற்றவர்கள் சோதித்ததில் சாதாரண மனிதர்களுக்குச் சளி வருவது குறையவில்லை. அதனால் 'யார் சொன்னார்' என்பதோடு, அது அவர் துறையா, அவரைத் தப்பென்று காட்டினால் பேர் வாங்கக்கூடிய போட்டியாளர்களும் அதையே சொல்கிறார்களா என்று பாருங்கள். சொல்பவரே பாட்டிலும் விற்றால் இன்னொரு தடவை பாருங்கள்.

கையில் தராசு கிடைக்கும் நாளை விட்டுவிடாதீர்கள். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் கோவை, திண்டுக்கல் வழியாகப் போகும் என்று பல வருஷம் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். காலை ஒன்பதரை வாக்கில், சொன்ன நிமிஷத்தில் வந்தது. அடுத்த கிரகணத்துக்கு ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, கீழே வெள்ளைத்தாள் வைத்து, கடிகாரத்தோடு உட்காருங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

டாக்டரிடமும் இதையே செய்யலாம். "இது வேலை செய்யலைன்னா எதை வெச்சுத் தெரியும், எத்தனை நாள்ல தெரியும்?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது, "ஒரு மாசம் காலையில அளந்து எழுதி வைங்க, குறையலைன்னா மாத்திரையை மாத்திடுவோம்" என்றார். அந்த நோட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது, மூன்றாவது வாரத்தில்தான் எண்கள் இறங்கத் தொடங்கின.